ஒரு நாவலும் அதன் விகுதிகளும்

நாவலில் கதையை யார் சொல்வது, எங்கே நின்றுகொண்டு சொல்வது என்ற பிரச்னையை நம்மில் பெரும்பாலோர் ஆங்கில விமர்சனத்திலிருந்துதான் கற்றுக்கொண்டோம். ஹென்றி ஜேம்ஸ் தம் நாவல்களின் நியூயார்க் பதிப்புக்கு 1907-லிருந்து 1909 வரை எழுதிய முன்னுரைகள், அவற்றிலிருந்து ஒரு கோட்பாட்டை வடித்தெடுத்த பெர்ஸி லப்பக்கின் 1921-ஆம் வருஷத்துப் புத்தகம், அந்தக் கோட்பாட்டுக்கு அவ்வளவு முக்கியத்துவம் தர மறுத்த ஃபார்ஸ்டரின் 1927-ஆம் வருஷத்துச் சொற்பொழிவுகள், நம்பத்தகாத கதைசொல்லி என்ற கருத்தைக் கொண்டுவந்த வேய்ன் பூத்தின் 1961-ஆம் வருஷத்து நூல். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு இவை பரீட்சைக் குறிப்புகளாகவேனும் அறிமுகமாகியிருக்கும். எனக்கும் அப்படித்தான். பிற்பாடு வங்கி வேலைக்கு வந்து, மாலை வேளைகளில் விமர்சனம் எழுத ஆரம்பித்தபின், பிறருடைய நாவல்களை இந்த அளவுகோல்களை வைத்து அளந்தும் இருக்கிறேன். இப்போது நானே ஒரு நாவல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதல் வாக்கியத்தின் வினைமுற்றைப் போட வேண்டிய இடத்தில், மேற்சொன்ன நால்வருக்கும் யோசிக்கத் தேவையே இல்லாதிருந்த ஒரு விஷயம் எதிர்ப்படுகிறது. இதே காரியத்தில் இறங்கியிருக்கும் வேறு சிலருக்கும் உதவக்கூடும் என்பதால் அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அத்தை கொல்லைப்புறத்திலிருந்து வருகிறாள். அதுதான் முதல் வாக்கியம். இறந்தகாலத்தில் எழுத வேண்டும். வந்தாளா, வந்தாரா?

ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு ‘ஷீ’ என்று போட்டால் தீர்ந்தது. பெண் என்பதற்குமேல் அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை. படர்க்கையை ஒரு நடுநிலையான இடமாகக் கருத ஜேம்ஸுக்கும் லப்பக்குக்கும் முடிந்ததென்றால், அவர்களுடைய மொழி அதற்கு இடம்கொடுத்தது என்பது ஒரு காரணம். தமிழில் அப்படியில்லை. சொல்கிறவன் யார், சொல்லப்படுகிறவருக்கு அவன் என்ன உறவு, வயதில் யார் பெரியவர், ஜாதியில் யார் மேலே என்பதெல்லாம் விகுதியில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. நம் நாவல்களில் பண்ணையார் வந்தார், பண்ணையாள் வந்தான். இந்த வித்தியாசத்தை எந்தப் பாத்திரமும் செய்யவில்லை. எல்லாமறிந்தவர் என்று நாம் சொல்லும் அந்த ஆசிரியர்தான் செய்கிறார். எல்லாம் தெரிந்திருந்தும் எவரோடு சேர்ந்து உட்கார வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஜாதி வித்தியாசத்தையாவது நாம் இப்போது கவனிக்கிறோம். வீட்டுக்குள் இருப்பதைக் கவனிப்பதில்லை. ‘அப்பா வந்தார், அம்மா வந்தாள்’ என்பது நம் உரைநடையின் வாய்ப்பாடு. ஜானகிராமன் 1966-இல் தம் நாவலுக்கு ‘அம்மா வந்தாள்’ என்று பெயர் வைத்தார். தலைப்பைப் படிக்கிற தமிழ் வாசகனுக்கு அந்த ‘ஆள்’ உறுத்துவதில்லை. எனக்கும் உறுத்தியதில்லை. என் சொந்த வாக்கியத்துக்கு விகுதி தேடியபோதுதான் அந்தத் தலைப்பை முதல்முறையாக முழுக்கப் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

நம் இலக்கணம் இந்த விஷயத்துக்கு ‘இடம்’ என்று பெயர் வைத்திருக்கிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றும் மூவிடங்கள். யார் பேசுகிறார் என்ற கேள்வியும் நமக்குப் புதிதல்ல. அகப்பாடல்களில் கவிஞன் தன் குரலில் பேசுவதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, கண்டோர் கூற்று என்று பேசுகிறவரை வகுத்துக்கொண்டுதான் பாட்டு ஆரம்பிக்கிறது. எவரையும் இயற்பெயரால் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் விதியும் செய்திருக்கிறது. நாவல் தமிழுக்கு வந்தபோது முதலில் கிடைத்த இடம் தன்மைதான். வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வந்தது. நாயகனே தன் கதையைச் சொல்லிக்கொள்கிறான். அங்கே விகுதித் தொந்தரவு இல்லை. ‘வந்தேன்’ என்பதில் ஆண் பெண் கிடையாது, உயர்வு தாழ்வு கிடையாது. தன்னைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் தமிழன் அந்தஸ்தைச் சொல்லாமல் பேச முடிகிறது.

என் நாவலின் விஷயத்துக்கு வருகிறேன். அத்தை என் அப்பாவுக்கு அக்கா. காவிரிக் கடைமடையில் எங்கள் ஊர். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள், ஐம்பது வருஷம் அங்கேயே இருந்து 2016-இல் இறந்தாள். மாடு, அடுப்பு, நெல் அவிப்பது, எங்களைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய பாகத்தில் அத்தைக்கும் ஒரு பங்கு இருந்தது. அந்தப் பங்கை விட்டுக்கொடுத்து 2002-இல் ஒரு விடுதலைப் பத்திரம் பதிவாயிற்று. எனக்கு அப்போது பத்து வயது. பின்னால் நிலத்தில் ஒரு பகுதியை விற்றுத்தான் என் அக்கா கல்யாணமும் என் காலேஜ் ஹாஸ்டல் கட்டணமும் நடந்தன. மிரட்டல், சண்டை ஒன்றும் கிடையாது. ‘ஒரு கைநாட்டு வைக்கணும், வாக்கா’ என்று அப்பா கூப்பிட்டார். அத்தை புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஏறிப் போய், சாயங்காலம் பால் கறக்கிற நேரத்துக்குத் திரும்பிவிட்டாள். நாவலில் சம்பவம் என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

அப்பா காலமானபின் பத்திரக் கட்டை அவிழ்த்தபோது அதைப் படித்தேன். அதில் அத்தை ‘நான்’ என்று பேசுகிறாள். தன்மை ஒருமையில், மூச்சுவிடாத நீண்ட வாக்கியத்தில், தனக்குள்ள பாத்தியதையை முழு மனதோடு, யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இல்லாமல் விட்டுக்கொடுப்பதாகச் சொல்கிறாள். பத்திர எழுத்தர் எல்லாருக்கும் எழுதுகிற வாசகம்தான். கீழே பெருவிரல் ரேகை. எழுபது வருஷ வாழ்க்கையில் அத்தையின் ‘நான்’ எழுத்தில் இடம்பெற்றது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு தாளில்தான்.

இதற்குப் பிறகு அத்தையே தன் கதையைச் சொல்வதாக எழுதுவது எப்படி என்பது என் முதல் கேள்வி. சபலம் இல்லாமலில்லை. வாயில்லாதவளுக்கு வாய் கொடுத்தான் என்று மதிப்புரையில் ஒரு வரி நிச்சயம். ஜானகிராமன் ‘மரப்பசு’வை (1975) அம்மணியின் வாயால் சொன்னார். அந்த ‘நான்’ அம்மணியுடையதா ஆசிரியருடையதா என்று படிக்கும்போது அடிக்கடி நின்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் அம்மணி பேசத் தெரிந்தவள். தன் காரியங்களுக்குத் தானே விளக்கம் சொல்லக்கூடியவள். என் அத்தை விஷயத்தில் நான் எழுதும் ‘நான்’, அவள் பேரில் தயாராகும் இரண்டாவது பத்திரமாக இருக்கும். முதல் பத்திரத்திலாவது ரேகை இருந்தது.

என் உத்தியோகம் இதைத் தினமும் ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறது. வங்கிப் படிவங்களெல்லாம் தன்மையில் எழுதப்பட்டவை. நான் சம்மதிக்கிறேன், நான் உறுதியளிக்கிறேன். கைநாட்டு வைப்பவர்களுக்கு அதைப் படித்துக் காட்டி விளக்க வேண்டும். விளக்கியதாக ஒரு வரியும் எழுத வேண்டும். ஒருமுறை நகைக்கடனுக்கு வந்திருந்த வயதான அம்மாள் ஒருவருக்கு, வட்டியையும் அசலையும் குறித்த தேதிக்குள் நான் செலுத்திவிடுகிறேன் என்ற இடத்தைப் படித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, ‘நீங்க ஏன் தம்பி கட்டணும்? நானே கட்டிப்புடுறேன்’ என்றார். பக்கத்து கவுண்டரில் சிரித்தார்கள். எனக்கென்னவோ, லப்பக் ஒரு புத்தகம் முழுவதும் பேசிய பிரச்னை அந்த அம்மாளின் கேள்வியில் இருப்பதாகப் பட்டது. ‘நான்’ என்ற சொல், அதை உச்சரிக்கிற வாய்க்குச் சொந்தம். இன்னொருவர் எழுதிவைத்த ‘நான்’ஐத் தன்னுடையது என்று பாவிப்பது எழுத்துப் பழக்கம் உள்ளவர்களின் வித்தை. அன்று ரிஜிஸ்தர் ஆபீஸில் படிக்கப்பட்ட ‘நான்’ யாருடையது என்று அத்தை நினைத்திருப்பாள்?

தன்மையை விட்டுப் படர்க்கைக்கு மாறியவர்கள் சாமானியர்கள் அல்ல. தாஸ்தாயெவ்ஸ்கி ‘குற்றமும் தண்டனையும்’ நாவலைக் கொலைகாரனின் வாக்குமூலமாக எழுதத் தொடங்கி, 1865-இன் கடைசியில் அதை ஒதுக்கிவிட்டுப் படர்க்கையில் புதிதாக ஆரம்பித்தார். காஃப்கா 1922-இல் ‘கோட்டை’யை ‘நான்’ என்று தொடங்கி, எழுதிக்கொண்டு போகையிலேயே ‘நான்’களை அடித்து ‘கே.’ என்று திருத்தினார். எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. ப்ரூஸ்ட் தம் இருபதுகளில் எழுதிக் கைவிட்ட நாவல் படர்க்கையில் இருக்கிறது. பிற்பாடு எழுதிய பெரிய நாவல் தன்மையில். காம்யு வெளியிடாமல் வைத்திருந்து, அவர் இறந்தபின் 1971-இல் அச்சான முதல் நாவல் படர்க்கை. 1942-இல் வந்த ‘அந்நியன்’ தன்மை. முதல் நாவல் எழுதுகிறவனுக்கு இவை ஆறுதலான தகவல்கள். ஆனால் காஃப்கா செய்த திருத்தத்தைத் தமிழில் நினைத்துப் பாருங்கள். ‘நான்’ஐ அடித்துக் ‘கே.’ என்று போட்டால் போதாது. கே. வந்தானா, வந்தாரா என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த மனிதனுக்கு அந்த ஊரில் என்ன அந்தஸ்து என்பதைக் கோட்டை அதிகாரிகளே நாவல் முடிகிற வரை தீர்மானிக்கவில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் முதல் வரியிலேயே தீர்மானிக்க வேண்டும்.

என் அத்தைக்கும் இதே கதிதான். ‘அத்தை வந்தார்’ என்று எழுதினால், அந்த வீட்டில் ஐம்பது வருஷத்தில் ஒருவரும் அவளுக்குத் தராத ஒரு மரியாதையை நான் அச்சில் தருகிறேன். கதையில் நடந்ததை விகுதி மறைத்துவிடும். ‘வந்தாள்’ என்று எழுதினால் வழக்கத்தோடு போவதாகும். இந்தக் கட்டுரையில் நான் செய்துகொண்டிருப்பது அதுதான். கட்டுரைத் தமிழ் எனக்குச் சுலபமாகத் தருவது அதைத்தான். உண்மையில் எங்கள் வீட்டில் யாரும் ‘அத்தை வந்தாள்’ என்றும் சொன்னதில்லை. ‘அத்தை வந்துச்சு’ என்றுதான் சொல்வோம். ‘அது சாப்பிட்டுச்சா?’ என்று அப்பா கேட்பார். இந்த ‘உச்சு’வில் பிரியமும் இருக்கிறது, அலட்சியமும் இருக்கிறது. குழந்தைக்கும் அதைத்தான் சொல்கிறோம், மாட்டுக்கும் அதைத்தான் சொல்கிறோம். பேச்சில் இரண்டும் ஒன்றாகக் கலந்து நிற்பதை எழுத்துத் தமிழுக்கு மாற்றி ‘அத்தை வந்தது’ என்று எழுதினால் பிரியம் போய்விடுகிறது, மாடுதான் மிஞ்சுகிறது. அத்தை எங்கள் வீட்டில் என்னவாக இருந்தாள் என்பதை ஒரே சொல்லில் சொல்லக்கூடியது ‘வந்துச்சு’தான். அதைச் சொல்ல எழுத்துத் தமிழின் படர்க்கை ஆசிரியருக்கு வாய் வராது. அதைச் சொல்கிற ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் நானாக இருக்கலாம். மருமகன் பார்த்ததை மருமகன் சொல்வது. சாட்சியாக நிற்கும் இந்தத் தன்மைக்குத் தமிழில் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) நாவலில் பாலு சொல்கிறான், ஜே.ஜே.யை நாம் பாலுவின் வழியாகவும் நாட்குறிப்பின் வழியாகவும்தான் அறிகிறோம். அசோகமித்திரன் ‘பதினெட்டாவது அட்சக்கோ’ட்டில் (1977) சந்திரசேகரனைச் சில இடங்களில் ‘நான்’ ஆகவும் சில இடங்களில் ‘அவன்’ ஆகவும் சத்தமில்லாமல் மாற்றிவைக்கிறார். ஆனால் பாலுவின் நாவலில் பாலுவின் மனம் முக்கியம். சந்திரசேகரனின் நாவலில் சந்திரசேகரன் முக்கியம். என் நாவலில் நான் முக்கியமில்லை. ‘நான்’ என்று ஆரம்பித்துவிட்டால் அதைத் தடுக்கவும் முடியாது. அத்தையின் கதை, அத்தையை நினைத்து வருத்தப்படும் ஒரு படித்த பையனின் கதையாகிவிடும். நுண்ணுணர்வுள்ள பையன்கள் நம் நாவல்களில் ஏற்கெனவே தேவைக்கு அதிகமாக இருக்கிறார்கள்.

ஃபாக்னர் 1930-இல் எழுதிய ‘எமிலிக்கு ஒரு ரோஜா’ சிறுகதையை நான் வேறொரு காரணத்துக்காகத் திரும்பப் படித்தேன். ஒரு தனிமைப்பட்ட முதியவளின் கதையை அந்த ஊரே சொல்கிறது. கதைசொல்லிக்குப் பெயரில்லை, ‘வீ’ என்ற பன்மைதான். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்த கணத்தில் என் நாவலுக்கு வழி தெரிந்தது. ஆங்கிலத்தின் அந்த ஒரு சொல்லுக்குத் தமிழில் இரண்டு உண்டு. ‘நாம்’ கேட்கிறவரையும் சேர்த்துக்கொள்கிறது. ‘நாங்கள்’ கேட்கிறவரை வெளியே நிறுத்துகிறது. ‘பொன்னியின் செல்வ’னின் (1950-54) ஆரம்பத்தில் கல்கி வாசகர்களைத் தம்மோடு ஓடம் ஏறச் சொல்லி அழைக்கிறாரே, அது ‘நாம்’. தொடர்கதை ஆசிரியர்கள் இன்றுவரை வாசகர் தோளில் போட்டுக்கொண்டிருக்கும் கை அதுதான். ஃபாக்னரின் ஊர் ‘நாங்கள்’. எமிலியை வெளியே நிறுத்தி வைத்து, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிற ‘நாங்கள்’.

எங்கள் வீட்டின் ‘நாங்கள்’ளும் அத்தகையதே. ‘நாங்க எல்லாம் கோயிலுக்குப் போறோம், அத்தை வீட்டைப் பாத்துக்கும்’ என்று நான் சிறுவயதில் எத்தனையோ முறை கேட்ட வாக்கியத்தில் முழு நாவலும் இருக்கிறது. சுந்தர ராமசாமியின் புளியமரக் கதையில் (1966) ஆசானைச் சுற்றி உட்கார்ந்து கேட்கிற பையன்களும் பன்மைதான். ஆனால் அங்கே கதை ஆசானிடம் இருக்கிறது, பன்மை கேட்கிறது. இங்கே பன்மை பேசும். அத்தை பேசமாட்டாள். வீட்டின் குரல் என்பதால் ‘வந்துச்சு’ என்று கூசாமல் சொல்லும். கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சை ஆசிரியர் கூற்றுக்கே கொண்டுவந்துவிட்ட பிறகு இதில் துணிச்சல் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை.

இந்தத் தேர்வுக்கு விலை உண்டு. ‘நாங்கள்’ இருந்த இடத்தில்தான் கதை நடக்க முடியும். அத்தை கொட்டகையில் தனியாக இருந்த இரவுகள் நாவலில் இருக்கா. இருந்தால் ‘ஆம்’ போட்டுத்தான் இருக்கும். தனியாப் பேசிக்கிட்டிருந்துச்சாம், அழுதுச்சாம். கேள்விப்பட்டதைப் பார்த்ததிலிருந்து பிரித்துக்காட்ட இரண்டெழுத்து நம்மிடம் இருப்பதை நாவலாசிரியர்கள் போதுமான அளவு உபயோகிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். பத்திரப் பதிவு நாளில் சிறுவர்கள் வீட்டில்தான் இருந்தார்கள். ஆகவே ரிஜிஸ்தர் ஆபீஸ் நாவலில் வராது. அத்தை பஸ் ஏறிப் போனதும், பஸ் இறங்கி வந்ததும் மட்டும் வரும்.

கையெழுத்துப் பிரதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு கவிஞ நண்பர் ஆட்சேபித்தார். வீடு அவளைப் பேசவிடவில்லை, இப்போது நாவலும் பேசவிடவில்லை, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றார். நியாயமான ஆட்சேபம்தான். அவளைப் பேசவைத்ததாகச் சொல்லிக்கொண்ட ஒரு தாளை நான் படித்திருக்கிறேன் என்பதுதான் என் பதில். அவள் பெயரில் அழகாக எழுதப்பட்ட பேச்சைவிட, அவள் பேசாத இடம் பேசாத இடமாகவே தெரிவது மேல். வாசகன் ‘நாங்கள்’ளை நம்பிக்கொண்டே வந்து, எங்கோ ஒரு பக்கத்தில் அவர்களோடு உட்கார்ந்திருப்பது சங்கடமாகி எழுந்து அந்தப் பக்கம் போக வேண்டும். போவானா என்பது எழுதி முடித்த பின்தான் தெரியும். நண்பருக்கு இந்தப் பதிலில் திருப்தியில்லை.

எனக்கே வேறொரு சந்தேகம் இருந்தது. ‘நாங்கள்’ என்று எழுதும்போது அம்மா, சித்தப்பா, அக்கா எல்லாருக்காகவும் நான் ஒப்பமிடுகிறேன். அவர்களில் யாரும் எனக்கு அதிகாரம் எழுதித் தரவில்லை. ஆகவே முதல் அத்தியாயம் முப்பது பக்கம் முடிந்ததும், போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். அத்தை பஸ் ஏறுகிற இடம் வந்தது. ‘நாங்கள் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை’ என்று படித்தேன். அம்மா கையை நிறுத்தினாள்.

‘நாங்கன்னு ஏன்டா எழுதியிருக்கே? அண்ணிய அழைச்சுக்கிட்டுப் போக வேணாம்னு நான் ராத்திரியே சொன்னேன். ஒங்கப்பா கேக்கல.’

இருபத்துச் சொச்சம் வருஷமாக அம்மா இதை யாரிடமும் சொன்னதில்லை. மேற்கொண்டு கேட்டேன். பூண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வாக்கியத்தை நாவலில் எங்கே வைப்பது என்பதுதான் இப்போது வேலை. ‘நாங்கள்’ளுக்குள்ளிருந்து ஒரு குரல் ‘நான்’ என்று பிரிந்து வருகிறது; ஒரே ஒரு முறை, அதுவும் தாமதமாக. அதற்குப் பிறகும் மற்றவர்கள் ‘நாங்கள்’ என்றே தொடர்ந்து பேசுவார்களா, பேசினால் அதில் எத்தனை பேர் மிச்சம் என்று நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் அத்தியாயம் இன்னும் ஆரம்பிக்கவில்லை.